ரொட்டி ஏன் உப்பவில்லை?



இன்றைய பேச்சு ரொட்டியைப் பற்றியது. சப்பாத்தி அல்ல. கடையில் துண்டு போட்டு விற்கிறார்களே, அந்த ரொட்டி. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்குமே, அந்த பன். இவற்றை வீட்டில் சுட முடியுமா? முடியும். பலர் சுடுகிறார்கள். அதைவிடப் பலர் ஒரே ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள்? ரொட்டி கல்லாகிவிடுகிறது. அல்லது மேலே கருகி, நடுவில் களியாக நிற்கிறது. அரைக் கிலோ மாவு வீண். எண்ணெய் வீண். எரிவாயு வீண். வீட்டில் நாலு பேர் சிரிக்கிறார்கள். "நமக்குக் கைராசி இல்லை" என்று அந்தப் பெண் சொல்லிவிடுகிறாள்.

ஒரு வீட்டில் அரைக் கிலோ மாவு வீணானால் அதோடு போயிற்று. ஒரு மகளிர் குழு பன் சுட்டு விற்கக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ மாவில் 16 பன் வரும். ஒன்றரைக் கிலோ மாவில் 48 பன் வரும். நாற்பத்தெட்டும் உப்பவில்லை என்றால் அன்றைய முதல் போயிற்று. இரண்டு முறை இப்படி நடந்தால் குழுவில் பேச்சு வரும். மூன்றாவது முறைக்குக் கடன் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இதில் கைராசிக்கு வேலையே இல்லை. ரொட்டி கெட்டால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை ரொட்டியே காட்டிக் கொடுக்கும். பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மாவுக்குள் இருக்கும் ரப்பர்

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு கைப்பிடி மைதாவை எடுக்க வேண்டும். சுமார் 100 கிராம். தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து உருட்ட வேண்டும். அந்த உருண்டையைத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைக்க வேண்டும். பிறகு அதே தண்ணீருக்குள் மெல்லக் கசக்க வேண்டும். தண்ணீர் வெள்ளையாகும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்ற வேண்டும். ஐந்தாறு முறை கசக்கினால் தண்ணீர் தெளிந்துவிடும்.

கையில் என்ன மிஞ்சும்? பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பிசின். இழுத்தால் நீளும். விட்டால் சுருங்கும். ரப்பர் போல இருக்கும். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பவர்களுக்கு இது புதிதல்ல. பால் எடுத்த பிறகு கையில் இழுபடும் சக்கைதான் அது. அதன் பெயர் குளூட்டன். கோதுமையில் உள்ள ஒரு வகைப் புரதம்.

இதே சோதனையைக் கேழ்வரகு மாவில் செய்தால் ரப்பர் போல எதுவும் மிஞ்சாது. அரிசி மாவிலும் அப்படித்தான். சோளம், கம்பு எல்லாம் அப்படித்தான்.

ரொட்டி உப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காற்றை ஊத வேண்டும். இன்னொருவர் அந்தக் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். ஊதுவது ஈஸ்ட். அது கண்ணுக்குத் தெரியாத உயிர். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று காற்றை விடுகிறது. பிடித்து வைப்பது குளூட்டன். அது பலூன் போல விரிந்து காற்றை அடைத்து வைக்கிறது. சூட்டில் அந்தப் பலூன் அப்படியே இறுகிவிடுகிறது. ரொட்டியை வெட்டினால் சின்னச் சின்ன ஓட்டை தெரிகிறதே, அத்தனையும் அந்தப் பலூன்கள்தான்.

இட்லி மாவும் பொங்குகிறதே, அதில் ஏது குளூட்டன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இட்லியில் உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடிக்கிறது. ஆனால் இட்லி மாவைக் குழியில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ரொட்டி மாவு தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்கு இந்த ரப்பர் வேண்டும்.

எந்த மாவு?

கோதுமை மணியில் மூன்று பகுதி உண்டு. வெளியே தவிடு. உள்ளே வெள்ளை மாவு. ஓர் ஓரத்தில் முளை. தவிட்டையும் முளையையும் நீக்கி, வெள்ளைப் பகுதியை மட்டும் நைசாக அரைத்தால் மைதா. மணியை முழுதாக அரைத்தால் ஆட்டா. நாம் கோதுமை மாவு என்று சொல்வது இதைத்தான்.

மைதாவில் ரொட்டி எளிதாக உப்பும். வெள்ளையாக, மெத்தென்று வரும். ஆனால் நார்ச்சத்தும், இரும்பு முதலிய சத்துகளில் பெரும் பகுதியும் தவிட்டோடும் முளையோடும் போய்விட்டன. ஆட்டாவில் சத்து இருக்கிறது. புரதமும் குறைவில்லை. ஆனால் ரொட்டி கனமாக வரும். ஏன்? தவிட்டுத் துணுக்குகள் கூர்மையானவை. குளூட்டன் பலூனை அவை கீறிவிடுகின்றன. காற்று கசிந்துவிடுகிறது.

ஆட்டாவில் இன்னொரு விஷயம் உண்டு. அது அதிகத் தண்ணீர் குடிக்கும். கல் இயந்திரத்தில் மாவு அழுந்தி அரைபடுகிறது. அப்படி அரைபட்ட மாவு தண்ணீரை நிறைய இழுக்கும். தவிடும் தன் பங்குக்கு இழுக்கும். அரைக் கிலோ மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர் போதும். அரைக் கிலோ ஆட்டாவுக்கு 350 முதல் 375 மில்லி வரை வேண்டும். மைதாவுக்குச் சொன்ன தண்ணீரை ஆட்டாவுக்கு ஊற்றினால் ரொட்டி கல்தான். வீட்டில் கெட்டுப்போகும் கோதுமை ரொட்டிகளில் பல இப்படித்தான் கெட்டிருக்கும்.

முதல் முறை சுடுகிறவர்கள் பாதி மைதா, பாதி ஆட்டா எடுப்பது நல்லது. கை பழகிய பிறகு ஆட்டாவைக் கூட்டிக்கொண்டே போகலாம். முழு ஆட்டாவில் சுடும்போது ஒரு வழி இருக்கிறது. மாவைத் தண்ணீர் விட்டுக் கலந்து, பிசையாமல் அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். தவிடு ஊறி மெத்தென்று ஆகும். அதன் கூர்மை போகும். பிறகு ஈஸ்ட் கரைசல் விட்டுப் பிசைந்தால் ரொட்டி நன்றாக வரும்.

கேழ்வரகு, கம்பு சேர்க்க ஆசையா? சேர்க்கலாம். ஐந்தில் ஒரு பங்கு போதும். அரைக் கிலோவில் 100 கிராம் கேழ்வரகு, 400 கிராம் கோதுமை. அதற்கு மேல் போனால் ரொட்டி உதிரும். சம்பா கோதுமை கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் அருமையானது. ரொட்டிக்கு அதன் இழுவை போதாது. ரவை சிறிது சேர்த்தால் ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுவென்று இருக்கும்.

ரேஷன் கோதுமையை மில்லில் அரைத்து வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நமக்கு முன் அந்த இயந்திரத்தில் என்ன அரைத்தார்கள்? மிளகாய் என்றால் சற்றுப் பொறுத்துப் போகலாம். அரிசி மாவு என்றால் முதலில் விழும் மாவை ரொட்டிக்கு எடுக்காமல் தனியே வைத்துவிடலாம். அடுத்தது, மில்லிலிருந்து மாவு சூடாக வரும். பாயில் பரப்பி ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும். முளையில் எண்ணெய் இருப்பதால் ஆட்டா நாளானால் கசக்கும். ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

பொட்டலம் வாங்குகிறவர்கள் அதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். பொட்டலத்தில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பது சட்டம். தமிழில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். தமிழ் படிக்கக் கற்றவருக்கு இது ஒரு குறைதான். ஆனால் எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். தேதி, எடை, விலை மூன்றையும் நாமே படிக்கலாம். மற்றதை வீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். எதிலிருந்து செய்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பழுப்பு நிற ரொட்டி என்று வாங்குகிறோம். பட்டியலில் முதலில் மைதா இருந்தால் அது பெரும்பாலும் மைதா ரொட்டிதான். சர்க்கரையைக் காய்ச்சி எடுக்கும் கேரமல் நிறத்தைச் சேர்த்துப் பழுப்பாக்கியும் விற்கிறார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கோவாவில் கள்ளு ரொட்டி

இந்தியாவில் ரொட்டி சுடும் ஊர்கள் பல உண்டு. காஷ்மீரில் ரொட்டி சுடுபவரைக் காந்துர் என்பார்கள். விடியற்காலையில் அவர் தந்தூர் அடுப்பில் சுட்டுத் தரும் ரொட்டியை வாங்கி, உப்புத் தேநீரோடு சாப்பிடுவார்கள்.

கோவாவின் கதை சுவையானது. போர்ச்சுக்கீசியர் 1510-இல் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களுக்குச் சோறு பழக்கமில்லை. ரொட்டி வேண்டும். கோதுமை கிடைத்தது. ஆனால் ரொட்டியை உப்ப வைக்க ஈஸ்ட் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? கோவாவில் தென்னை ஏராளம். தென்னங்கள் பொங்குவதைப் பார்த்தார்கள். கள்ளில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. கள்ளை ஊற்றி மாவு பிசைந்தார்கள். ரொட்டி உப்பிற்று.

நம் ஊரில் ஆப்ப மாவில் கள் சேர்த்த பழக்கம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டும் ஒரே தந்திரம்தான்.

போர்ச்சுக்கீசிய மொழியில் ரொட்டிக்குப் 'பாவ்' போன்ற ஒரு சொல் உண்டு. அதுவே கோவாவிலும் மும்பையிலும் பாவ் என்று நிலைத்தது. காலால் மிதித்துப் பிசைந்ததால் பாவ் என்று பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அது கட்டுக்கதை. கோவாவில் ரொட்டிக்காரரைப் போதேர் என்பார்கள். சைக்கிளின் பின்னால் மூங்கில் கூடை. கையில் ஒரு ஹாரன். அந்தச் சத்தம் கேட்டால் பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். இப்போது அங்கும் பெரும்பாலும் கடை ஈஸ்ட்தான். கள் இறக்குபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

அங்கே போய் என்று ஒரு ரொட்டி உண்டு. உருண்டையாக, உள்ளே பை போலக் கூடாக இருக்கும். அதன் மேல் கோதுமைத் தவிடு ஒட்டியிருக்கும். இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டாவை நைஸ் சல்லடையில் சலித்தால் முரட்டுத் தவிடு மேலே நிற்கும். அதை எறிய வேண்டாம். மாவை உருட்டிய பிறகு அந்தத் தவிட்டில் புரட்டி எடுக்க வேண்டும். தவிடு உள்ளே இருந்து பலூனைக் கீறாது. வெளியே இருப்பதால் சத்தும் வீணாகாது.

பிசைவதும் பொங்குவதும்

அளவு இது. பாதி மைதா, பாதி ஆட்டாவாக அரைக் கிலோ மாவு. 325 மில்லி தண்ணீர். அதாவது 200 மில்லி டம்ளரில் ஒன்றரை டம்ளரும் இன்னும் கொஞ்சமும். உலர்ந்த ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன். உப்பு ஒன்றரை டீஸ்பூன். சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி. எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி.

முதலில் ஈஸ்ட்டைச் சோதிக்க வேண்டும். தண்ணீரில் கால் டம்ளரை எடுத்து வெதுவெதுப்பாகச் சூடுபடுத்த வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். நுரை பொங்கினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரை வரவில்லை என்றால் அந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிட வேண்டும். மாவைத் தொடவே வேண்டாம். இந்தப் பத்து நிமிடச் சோதனை அரைக் கிலோ மாவைக் காப்பாற்றும்.

பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைய வேண்டும். மாவு முதலில் கையில் ஒட்டும். எல்லோரும் தவறு செய்யும் இடம் இதுதான். ஒட்டுகிறதே என்று மாவு தூவுவார்கள். இன்னும் ஒட்டும். இன்னும் தூவுவார்கள். சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்துவிடும். அது சப்பாத்திக்குச் சரி. ரொட்டிக்குச் சரியல்ல. ரொட்டி மாவு காது மடலைப் போல மெத்தென்று இருக்க வேண்டும். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தால், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒட்டுவது நின்றுவிடும். குளூட்டன் இழைகள் சேரச் சேர மாவு தானாக உருண்டு வரும். ஒரு சிறு துண்டைக் கிள்ளி, விரல்களால் மெல்ல விரித்துப் பார்க்கலாம். கிழியாமல் மெல்லிய திரைபோல விரிந்தால் பிசைந்தது போதும். ஆட்டா கலந்தால் திரை அத்தனை மெல்லியதாக வராது. சற்று முன்பே கிழியும்.

மாவை மூடி வைக்க வேண்டும். இரண்டு மடங்காக வேண்டும். எவ்வளவு நேரம்? கடிகாரத்தைக் கேட்டால் அது சரியாகச் சொல்லாது. சென்னையில் சித்திரை மாதம் முக்கால் மணி நேரத்தில் பொங்கிவிடும். ஊட்டியில் மார்கழியில் இரண்டு மணி நேரம் தாண்டியும் ஆகலாம். டில்லிக் குளிரிலும் அப்படித்தான். மாவைத்தான் பார்க்க வேண்டும். பொங்கிய பின் மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றி, 16 உருண்டையாகப் பிடித்து, எண்ணெய் தடவிய தட்டில் வைக்க வேண்டும். மறுபடியும் பொங்கவிட வேண்டும். இந்த முறை நேரம் குறைவாக ஆகும்.

இங்கே ஒரு விரல் சோதனை உண்டு. உருண்டையை விரலால் மெல்லக் குத்த வேண்டும். பள்ளம் உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. மெதுவாகப் பாதி நிமிர்ந்தால் சரியான சமயம். நிமிரவே இல்லை என்றால் கூடிவிட்டது. பலூன் விரிந்து விரிந்து தளர்ந்துவிட்டது.

பொங்குவதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பது சின்ன விஷயம் அல்ல. பெரிய பேக்கரிகளுக்கு நேரம் என்றால் பணம். சில இடங்களில் மாவு சீக்கிரம் வலுப்பெறப் பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். இது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக அளவிலான ஆய்வுக் குழுவினர் வகைப்படுத்தியிருக்கிறார்கள். 2016-இல் டில்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன் மாதிரிகளைச் சோதித்தது. நூற்றுக்கு 84 மாதிரிகளில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட்டின் தடயம் இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் இந்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்தது. அந்த ரசாயனம் செய்யும் வேலையை வீட்டில் பத்து நிமிடப் பிசைதலும் ஒரு மணி நேரக் காத்திருப்பும் செய்துவிடும்.

மின்சார அடுப்பு இல்லாவிட்டால்

மின்சார அடுப்பு இருந்தால் 200 டிகிரி சூட்டில் பன்னுக்கு 15 முதல் 20 நிமிடம். பெரிய ரொட்டிக்கு 35 முதல் 40 நிமிடம்.

இல்லாவிட்டாலும் வழி உண்டு. அடிகனமான பழைய பாத்திரம் ஒன்று எடுக்க வேண்டும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சுத்தமான உலர்ந்த மணல் பரப்ப வேண்டும். அதன் மேல் ஒரு முக்காலி வளையம். கனமான மூடி போட்டுக் கால் மணி நேரம் சூடேற்ற வேண்டும். பன் தட்டை வளையத்தின் மேல் வைத்து மூடி, நடுத்தரத் தீயில் 30 முதல் 40 நிமிடம் வேகவிட வேண்டும். தட்டு பாத்திரத்தில் இடிக்கக் கூடாது. சுற்றிலும் சூடு ஓட இடம் வேண்டும். ஒரு தடவைக்கு ஆறு ஏழு பன்தான் வைக்க முடியும். மற்ற உருண்டைகளைக் குளிர்ந்த இடத்தில் மூடி வைத்தால் மெதுவாகப் பொங்கும்.

சிலர் இதற்குப் பிரஷர் குக்கரை எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் எரித்தால் குக்கரே கெட்டுப்போகலாம். பழைய பாத்திரம்தான் மேல்.

இப்படிச் சுட்டால் பன்னின் மேல்பக்கம் சிவக்காது. வெளிறி இருக்கும். அதைப் பார்த்து வேகவில்லை என்று மீண்டும் மீண்டும் வைத்துக் காயவைத்துவிடுகிறார்கள். அடியைத் தட்டிப் பார்த்தால் காலி டப்பாவைப் போல 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். கேட்டால் வெந்துவிட்டது. பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, மேல்பக்கத்தை ஒரு நிமிடம் வாட்டினால் நிறம் வந்துவிடும்.

கெட்ட ரொட்டி சொல்லும் செய்தி

மாவு பொங்கவே இல்லையா? ஈஸ்ட் செத்திருக்கும். பழைய ஈஸ்ட்டாக இருக்கலாம். கொதிக்கும் தண்ணீரில் போட்டிருக்கலாம். 60 டிகிரி சூட்டில் ஈஸ்ட் பிழைக்காது. அல்லது கரைசலில் உப்பை நேராகக் கொட்டியிருக்கலாம். உப்பை மாவோடுதான் கலக்க வேண்டும். இந்த மாவை எறிய வேண்டியதில்லை. வேறு ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைக்கவிட்டு, அதே மாவில் சேர்த்துப் பிசைந்தால் பிழைத்துக்கொள்ளும். அதற்கும் வழியில்லை என்றால் அன்று அது சப்பாத்தி.

நன்றாகப் பொங்கிற்று, அடுப்பில் வைத்ததும் அமுங்கிவிட்டது என்பார்கள். இது அதிகம் பொங்கியதால் வந்த வினை. வெயில் காலத்தில் அடிக்கடி நடக்கும். புளித்த வாடையும் அடிக்கும். விரல் சோதனையில் முன்பே தெரிந்திருக்கும். தெரிந்த உடனே மாவை அமுக்கி மறுபடி உருட்டி, குறைந்த நேரம் பொங்கவிட்டால் போதும். ஈஸ்ட்டைக் கூட்டினால் நன்றாக உப்பும் என்று நினைத்து இரண்டு பங்கு போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

கல்லாக இருக்கிறதா? தண்ணீர் குறைவு. அல்லது பிசைந்தது போதாது. பெரும்பாலும் இரண்டும்.

பக்கவாட்டில் வெடித்திருந்தால் இரண்டாவது முறை பொங்க நேரம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். உருண்டையை மூடாமல் வைத்து மேல்தோல் காய்ந்திருந்தாலும் வெடிக்கும். ஈரத்துணி போட்டு மூட வேண்டும்.

வெளியே சிவந்து, உள்ளே களியாக இருந்தால் தீ அதிகம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அது ஆசை. சுடச்சுட வெட்டிவிடுகிறார்கள். ரொட்டி அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் உள்ளே இறுகிக்கொண்டிருக்கும். பன்னுக்குக் கால் மணி நேரம், பெரிய ரொட்டிக்கு ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது இது கஷ்டம்தான்.

மஞ்சளாக, சோப்பு வாடையோடு வந்தால் யாரோ சமையல் சோடாவை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஈஸ்ட் போட்ட மாவுக்குச் சோடா தேவையில்லை.

ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்தால் எது உதவியது என்று தெரியாது. ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். இன்று தண்ணீரை இரண்டு கரண்டி கூட்டிப் பார்க்கலாம். அடுத்த முறை பொங்கும் நேரத்தை மாற்றலாம். இதை நினைவில் வைக்க முடியாது. ஒரு நோட்டு வேண்டும். தேதி, எந்த மாவு, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம், வெயிலா மழையா, ரொட்டி எப்படி வந்தது. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். மகளிர் குழுவுக்கு இந்த நோட்டு வரவு செலவு நோட்டைப் போல முக்கியம். சுடுகிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லாத நாளில் இன்னொருவர் அதைப் படித்துச் சுடலாம். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

சுட்ட பிறகு

வீட்டு ரொட்டியில் கெடாமல் வைக்கும் மருந்து கிடையாது. வெயில் காலத்தில் இரண்டு நாள். மழைக் காலத்தில் அதைவிடச் சீக்கிரம் பூஞ்சை வரும். பச்சையாக, கருப்பாகப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறார்கள். அது கூடாது. பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

கோடையில் இன்னொரு கேடு உண்டு. ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று நூல் விடும். அழுகிய அன்னாசிப் பழம் போல வாடை வரும். இது ஒரு வகைக் கிருமியின் வேலை. அதன் விதை அடுப்புச் சூட்டிலும் சாகாது. அந்த ரொட்டியை மாட்டுக்கும் போடக் கூடாது. எறிந்துவிட்டுப் பாத்திரங்களை வினிகர் விட்டுக் கழுவ வேண்டும். அடுத்த முறை அரைக் கிலோ மாவுக்கு ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்த்துப் பிசைந்தால் இது வராமல் தடுக்கும்.

குளிர்பெட்டியில் வைத்தால் பூஞ்சை வர நாளாகும். ஆனால் ரொட்டி சீக்கிரம் விறைத்துவிடும். சாப்பிடும் முன் தோசைக்கல்லில் சூடு காட்டினால் மறுபடி மெத்தென்று ஆகும். மிஞ்சும் என்று தெரிந்தால், கெடும் வரை காத்திருக்காமல் மறுநாளே துண்டு போட்டுவிட வேண்டும். அதே மணல் பாத்திரத்தில், சிறு தீயில், மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, இரண்டு பக்கமும் ஈரம் போக வாட்டி எடுத்தால் ரஸ்க். ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டு வாரம் வரை டீக்குத் தொட்டுக்கொள்ளலாம்.